ஆசிரியர் கேள்வி–பதில்: குழுவில் வருவது வகுப்புக்குப் போவது எப்படி?

வாட்ஸ்அப், டெலிகிராம், யூடியூப் வழியாக ஆசிரியர்கள் தங்கள் தொழிலைக் கற்றுக்கொள்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

பதினேழு வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறேன். காலையில் போனை எடுத்தால் முந்நூறு செய்திகள். பயிற்சித்தாள், பிடிஎஃப், வீடியோ என்று கொட்டுகிறது. ஆனால் நான் பாடம் நடத்தும் முறை ஐந்து ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. தவறு எங்கே?
— இடைநிலை ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

தவறு உங்களிடம் இல்லை. அந்தப் பதினேழில் பெரும்பாலானவை கற்றுக்கொள்வதற்காகத் தொடங்கப்பட்டவையே அல்ல. குழுவின் பெயரை விட்டுவிடுங்கள். போன வாரம் ஒவ்வொன்றிலும் என்ன வந்தது என்று மேலே தள்ளிப் பாருங்கள். சிலவற்றில் எமிஸ் (மாணவர், பள்ளி விவரங்களுக்கான அரசு இணையதளம்) பதிவு, படிவம், கூட்ட அழைப்பு, 'இன்று மாலைக்குள்' என்று முடியும் செய்திகள் இருக்கும். அது அலுவல். சிலவற்றில் அகவிலைப்படி, மாறுதல் கலந்தாய்வு, சங்கச் செய்தி இருக்கும். மீதிதான் பாடம் சார்ந்தவை. அவற்றிலும் பெரும்பாலும் கோப்புகள்தான் வரும், கேள்விகள் வருவதில்லை.

கோப்பு கைக்கு வந்துவிட்டால் கற்பித்தல் மாறிவிடாது. அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்து இதைச் சொன்னார்கள். ஒரு முறையை விளக்கிச் சொன்னாலும் செய்து காட்டினாலும் அது வகுப்பறைவரை போவது அரிது. திரும்பிப் போய்ச் செய்து பார்க்கும்போது சக ஆசிரியர் ஒருவர் கூட இருந்து பேசினால்தான் நிலைக்கிறது. குழுவில் உங்களுக்கு வேண்டியது அந்தச் சக ஆசிரியர்தான்.

ஆகவே முதலில் இடத்தை ஒழுங்கு செய்யுங்கள். தலைமை ஆசிரியர் நடத்தும் பள்ளிக் குழு ஒன்றுக்கு மட்டும் ஒலி இருக்கட்டும். அவசர அலுவல் எதுவும் அதன் வழியே வந்தே தீரும். மற்ற அலுவல், சங்கக் குழுக்களை 'எப்போதும்' என்று மியூட் செய்து ஆர்க்கைவில் போடுங்கள். மாலையில் ஒருமுறை பார்த்தால் போதும். வாட்ஸ்அப் அமைப்பில் மீடியா ஆட்டோ டவுன்லோடை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் போன் நிறையும், நிறைந்ததும் மொத்தமாக அழிப்பீர்கள், தேவையான நாலு கோப்பும் அதோடு போகும். பாடக் குழுக்களில் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த இரண்டு என்று தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல்: 'செய்து பார்த்தேன், இப்படி ஆனது' என்று யாராவது எழுதும் குழுவா?

அதன்பின் வாரத்துக்கு ஒன்றே ஒன்று. சனிக்கிழமை அரை மணி நேரம் அந்த இரண்டு குழுக்களைப் பார்த்து, அடுத்த வாரப் பாடத்துக்குப் பொருந்தும் ஒன்றை எடுங்கள். ஒரு பாடவேளையில் செய்யுங்கள். பிள்ளைகளின் நோட்டில் என்ன வந்தது என்று பாருங்கள். நல்லபடியாக வந்தாலும் சொதப்பினாலும் குழுவில் நாலு வரி எழுதுங்கள். சொதப்பியதை எழுதினால் அதிகம் பேர் பதில் சொல்வார்கள்.

எங்கள் ஒன்றியத்தில் கணக்கு நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு குழு தொடங்க நினைக்கிறோம். வாட்ஸ்அப்பா, டெலிகிராமா? எத்தனை பேர்? என்ன விதிகள்?
— பட்டதாரி ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர்வரை சேர்க்கலாம். டெலிகிராம் குழுவில் 2 லட்சம் பேர்வரை. இந்த எண்களை மறந்துவிடுங்கள். மனம் விட்டுப் பேச வேண்டிய குழுவில் 15 முதல் 25 பேர் போதும். 'என் வகுப்பில் பாதிப் பேருக்குக் கழித்தல் வரவில்லை' என்று ஓர் ஆசிரியர் எழுத வேண்டுமென்றால் படிப்பவர்கள் யார் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதே காரணத்துக்காக, வட்டாரக் கல்வி அலுவலரை இந்தக் குழுவில் சேர்க்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஆய்வுக்கு வருபவர் படிக்கும் இடத்தில் குறையை யாரும் எழுத மாட்டார்கள். ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் இருக்கலாம், அறிக்கை கேட்காதவராக இருந்தால்.

பேச்சுக்கு வாட்ஸ்அப், சேமிப்புக்கு டெலிகிராம் என்று பிரிப்பது நன்றாக நடக்கிறது. வாட்ஸ்அப்பை எல்லோரும் எப்படியும் திறக்கிறார்கள். ஆனால் புதிதாகச் சேர்பவருக்குப் பழைய உரையாடல் முழுதாகக் கிடைக்காது. ஜூனில் பேசியது ஜனவரியில் வந்தவருக்கு இல்லை. டெலிகிராமில் குழு அமைப்பில் பழைய செய்திகள் புதியவருக்குத் தெரியும்படி வைக்கலாம். தனிக் குழுக்களில் இது முதலில் மூடியே இருக்கும், நீங்கள்தான் திறக்க வேண்டும். டாபிக்ஸ் வசதியை இயக்கி, பின்னம், அளவைகள், வடிவியல் என்று தலைப்புகளாகப் பிரித்து வையுங்கள். 2 ஜிபிவரை ஒரு கோப்பு ஏற்றலாம். கோப்புக்குப் பெயர் வைப்பதில் கண்டிப்பு வேண்டும்: 'வகுப்பு 5 – பின்னம் – ஒப்பிடுதல் – பயிற்சித்தாள்' என்று இருந்தால் தேடினால் கிடைக்கும். 'ஸ்கேன் 0043' என்று இருந்தால் ஏற்றியவருக்கே கிடைக்காது. நோட்டுப் பக்கத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிப் பென்சில் எழுத்து மங்கும். 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்பினால் அப்படியே போகும்.

விதிகள் மூன்று போதும். காலை வணக்கம், வாழ்த்து, இரங்கல் வேண்டாம். கோப்பு போடுபவர் அதை வகுப்பில் பயன்படுத்தியிருக்க வேண்டும்; எந்த வகுப்பு, எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். பிள்ளையின் பெயரும் முகமும் வரக்கூடாது. இந்த மூன்றைக் குழு விளக்கத்தில் எழுதி, செய்தியாகவும் பின் செய்துவிடுங்கள். அட்மின் இருவர் இருக்கட்டும். ஒருவர் மாறுதலில் போனாலும் குழு நிற்காது. உறுப்பினர் போட்ட தவறான பதிவுக்கு அட்மின் என்ற ஒரே காரணத்தால் குற்றப் பொறுப்பு வராது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்திருக்கிறது. இருந்தாலும் பார்த்தவுடன் நீக்குவது உங்கள் கடமை. அட்மினுக்கு அந்த வசதி வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம், கேள்வி கேட்கும் முறை. 'பின்னம் நடத்துவதற்கு ஏதாவது இருந்தால் போடுங்கள்' என்று கேட்டால் பன்னிரண்டு பிடிஎஃப் வரும், ஒன்றும் உதவாது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

'ஐந்தாம் வகுப்பு, 28 பேர். 1/3, 1/4 – எது பெரியது என்றால் 19 பேர் 1/4 என்கிறார்கள். மூன்று பேருக்கு, நான்கு பேருக்குத் தோசை பிரிக்கும் கதை சொன்னேன். வாயால் சரியாகச் சொல்கிறார்கள், எழுதும்போது மாறிவிடுகிறது. இரண்டு நோட்டுப் பக்கங்கள் இணைத்திருக்கிறேன். 4 என்பது 3ஐவிடப் பெரிது என்று பார்க்கிறார்கள் என நினைக்கிறேன். கதையிலிருந்து எழுத்துக்கு எப்படிக் கொண்டுவருவது?'

இதில் வகுப்பும் எண்ணிக்கையும் இருக்கின்றன. செய்து பார்த்தது இருக்கிறது. பிள்ளைகள் எழுதியது கண்முன் இருக்கிறது. ஆசிரியரின் ஊகமும் இருக்கிறது. இப்படிக் கேட்டால்தான் உருப்படியான பதில் வரும். உதாரணமாக இந்தப் பதில்: '24 செ.மீ. நீளத்தில் தாள் பட்டைகள் வெட்டுங்கள், ஏ4 தாளிலேயே கிடைக்கும். 24ஐ 2, 3, 4, 6, 8 எல்லாம் மீதியின்றி வகுக்கும். 1/2 பட்டை 12 செ.மீ., 1/3 பட்டை 8, 1/4 பட்டை 6, 1/6 பட்டை 4, 1/8 பட்டை 3. ஒவ்வொரு துண்டின் மேலேயே பின்னத்தை எழுதச் சொல்லுங்கள். கதைக்கும் எழுத்துக்கும் நடுவில் விடுபட்டது இதுதான். பிறகு எல்லாவற்றையும் இடது ஓரம் சேர்த்து ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் கைக்குக் கிடைத்த வெவ்வேறு அளவுத் தாளை மடித்தால் முழுப் பயிற்சியும் கெட்டுப்போகும்; பெரிய தாளின் கால் பங்கு, சிறிய தாளின் மூன்றில் ஒன்றைவிடப் பெரிதாகத் தெரியும்.'

அடுத்த வாரம் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, பட்டைக்குப் பிறகு எத்தனை பேர் மாறினார்கள், மாறாதவர்கள் என்ன எழுதினார்கள் என்று சொன்னால்தான் அந்த உரையாடல் முடிகிறது. 'செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்' என்று கேட்டு, பத்து நாள் கழித்து நினைவூட்டுவது அட்மினின் உண்மையான வேலை.

குழு தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. எழுதுவது நானும் இன்னொருவரும் மட்டும். மற்றவர்கள் கட்டைவிரல் காட்டுவதோடு சரி. மூடிவிடலாமா?
— தலைமை ஆசிரியை, தென்காசி மாவட்டம்

மூட வேண்டாம். இணையக் குழுக்களில் நூறு பேரில் தொண்ணூறு பேர் படிக்க மட்டும் செய்கிறார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுகிறார்கள், ஒருவர்தான் தொடர்ந்து எழுதுகிறார் என்ற கணக்கை இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதினார். அது தோராயம்தான் என்றாலும், உங்கள் குழுவுக்கு மட்டும் வந்த நோய் இல்லை என்று தெரிந்துகொள்ள உதவும்.

ஓரத்தில் நின்று பார்ப்பதும் கற்றல்தான். கற்றலை ஆராய்ந்த ஜீன் லேவ், எத்தியென் வெங்கர் இருவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில் லைபீரியாவின் தையல்காரர்களைப் பற்றிச் சொல்கிறார்கள். அங்கே தொழில் பழக வருபவரிடம் முதல் நாளே துணி வெட்டக் கொடுப்பதில்லை. பொத்தான் தைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது என்று முடிக்கும் வேலைகளில் தொடங்கி, வெட்டும் வேலை கடைசியில்தான் வருகிறது. ஓரம் தைத்தவருக்கு முழுச் சட்டை எப்படி இருக்க வேண்டும் என்று முன்பே தெரிந்துவிடுகிறது, துணியும் வீணாகாது.

உங்கள் குழுவில் எல்லோரிடமும் நேராக வெட்டும் வேலையைக் கேட்கிறீர்கள்: 'உங்கள் கருத்துகளைப் பகிருங்கள்.' சிறிய வேலையிலிருந்து தொடங்குங்கள். முதல் வாரம் ஒரு வாக்கெடுப்பு: 'கடன் வாங்கிக் கழித்தலில் உங்கள் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள்? பூஜ்யம் நடுவில் வரும்போது / எப்போதும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழிக்கும்போது / கடன் வாங்கியதை மறக்கும்போது.' ஒரு தொடுதலோடு முடியும். அடுத்த வாரம், 502 – 178 என்ற ஒரே கணக்கை எல்லா வகுப்பிலும் கொடுத்து, தவறாகச் செய்த ஒரு நோட்டின் படம் மட்டும். எழுத வேண்டியதில்லை. அதற்கடுத்த வாரம், வந்த படங்களில் ஒன்றைக் காட்டி, இந்தப் பிள்ளை என்ன நினைத்து 476 என்று எழுதியிருக்கும் என்று ஒருவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். (ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது: 8 – 2 = 6, 7 – 0 = 7, 5 – 1 = 4.) எல்லோரையும் பார்த்துப் பொதுவாகக் கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை. பெயர் சொல்லிக் கேட்கும் முன் தனியாகப் போன் செய்து 'நாளை உங்களைக் கேட்கப்போகிறேன், சரியா' என்று சொல்லிவிடுங்கள், சங்கடம் இருக்காது.

'படிப்பதில் 10%, கேட்பதில் 20%, பார்ப்பதில் 30%... செய்வதில் 90% நினைவில் நிற்கிறது' என்ற படம் எல்லாக் குழுவிலும் வருகிறது. பயிற்சி வகுப்பிலும் காட்டினார்கள். உண்மையா?
— முதுகலை ஆசிரியர், ஈரோடு மாவட்டம்

உண்மை இல்லை. இந்தப் படத்தோடு ஒட்டப்படும் பெயர் அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல். அவர் 1946இல் வெளியிட்ட 'அனுபவக் கூம்பு', கற்றல் அனுபவங்களை நேரடியானதிலிருந்து சொல் வடிவம்வரை வரிசைப்படுத்தும் ஒரு வரைபடம் மட்டுமே. அதில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. எண்கள் பின்னாளில் பிறர் ஒட்டியவை, பின்னால் எந்தப் பரிசோதனையும் இல்லை. எண்களைப் பார்த்தாலே சந்தேகம் வர வேண்டும். உண்மையான பரிசோதனையில் 10, 20, 30 என்று வழுவழுப்பாக எண்கள் வருமா? எதைப் படித்தார்கள், எத்தனை நாள் கழித்துச் சோதித்தார்கள் என்று ஏன் இல்லை?

'இந்தப் பிள்ளை கண்ணால் கற்பவன், அந்தப் பிள்ளை காதால் கற்பவள்' என்பதும் இதே வகை. பிள்ளைகளுக்கு விருப்பங்கள் உண்டு. ஆனால் அந்தப் பாணிக்குப் பொருத்திக் கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று, 2008இல் அமெரிக்க உளவியலாளர் நால்வர் அதுவரையிலான ஆய்வுகளை அலசிச் சொன்னார்கள். இதில் கெடுதல் என்னவென்றால், 'கேட்டுக் கற்பவள்' என்று முத்திரை குத்திய பிள்ளைக்கு வரைபடம் பார்க்கும் பயிற்சி குறைந்துபோகிறது.

மாறாக, உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் செய்து காட்டியது எந்த வகுப்புக்கும் பயன்படும். ஒரு பகுதியை மறுபடி மறுபடி படித்தவர்களைவிட, ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் இருந்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். எப்போது சோதித்தார்கள் என்று சொல்லும் தகவலை நம்பி வகுப்புக்குக் கொண்டுபோகலாம். நாளை பாடம் தொடங்கும்முன் நோட்டை மூடிவைத்து, நேற்றைய பாடத்தில் மூன்று கேள்விகளுக்கு எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் வேண்டாம்.

சுற்றறிக்கைகளுக்கும் இதே விழிப்பு வேண்டும். ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்), நாள், கையொப்பமிட்டவரின் பதவி, பெறுநர் பட்டியல் நான்கும் இருக்கிறதா? முதல் பக்கம் மட்டும் வருகிறதா? அரசாணை என்றால் எண்ணை வைத்து அரசின் இணையதளத்தில் தேடுங்கள். பழைய ஆணையின் தேதியை வெட்டிவிட்டு அனுப்புவது அடிக்கடி நடக்கிறது.

வகுப்பறை வீடியோவைக் குழுவில் போட்டால் மற்றவர்கள் குறை நிறை சொல்வார்கள் என்று ஆசைப்படுகிறேன். பிள்ளைகள் தெரிகிறார்களே, சட்டப்படி சரியா?
— இடைநிலை ஆசிரியர், நாகப்பட்டினம் மாவட்டம்

பிள்ளைகள் தெரியாமலேயே எடுக்கலாம். கற்பதற்கு அதுதான் நல்லதும்கூட. போனைக் கடைசி பெஞ்சுக்குப் பின்னால், ஒரு ஸ்டாண்டில் தோள் உயரத்தில் வையுங்கள். முதுகும் கரும்பலகையும் நீங்களும் தெரிவீர்கள். குரல்தான் கெடும். வகுப்பறை எதிரொலியில் பின்னாலிருந்து எடுத்தால் பேச்சு புரியாது; சட்டையில் குத்தும் சிறிய மைக் வாங்குங்கள், அல்லது இன்னொரு போனில் குரலைப் பதிந்து பையில் வைத்துக்கொள்ளுங்கள். 720பி தரம் போதும். முழுப் பாடவேளையையும் அனுப்பினால் யாரும் பார்க்க மாட்டார்கள். மூன்று நிமிடம் வெட்டி எடுங்கள்: நீங்கள் ஒரு கேள்வி கேட்டு, பிள்ளைகள் பதில் சொல்லி, அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுவரை. கூடவே என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்: 'கேள்வி கேட்டபின் எத்தனை நொடி காத்திருக்கிறேன்? யாரிடமிருந்தெல்லாம் பதில் வருகிறது?' இல்லையென்றால் 'அருமை ஐயா' என்ற பதில்தான் கிடைக்கும்.

சட்டம் பற்றி: டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இன்படி 18 வயது நிறையாதவர் குழந்தை, குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. முகம் தெரிய எடுக்கத்தான் வேண்டும் என்றால் பெற்றோரிடம் எழுத்தில் வாங்குங்கள்; எதற்காக, எங்கே போடுவீர்கள், எப்போது நீக்குவீர்கள் மூன்றும் தமிழில் இருக்கட்டும், தலைமை ஆசிரியரிடம் ஒரு பிரதி இருக்கட்டும். இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவு இன்னும் கண்டிப்பானது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை, பாதிக்கப்பட்ட குழந்தை, வழக்கில் தொடர்புடைய குழந்தை ஆகியோரின் பெயர், முகவரி, பள்ளி உட்பட அடையாளம் காட்டும் எதையும் வெளியிட்டால் ஆறு மாதம்வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தில் 'இந்தப் பிள்ளைக்கு உதவுங்கள்' என்று படத்தோடு பகிர்பவர்கள் இதில் மாட்டிக்கொள்ளலாம்.

வீடியோவைவிட அதிகம் கசிவது பட்டியல்கள்தான். உதவித்தொகைப் பட்டியல், சாதி, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் உள்ள எக்செல் கோப்புகள் எண்பது பேர் உள்ள குழுவில் சாதாரணமாக உலா வருகின்றன. அதை நிறுத்துங்கள். தலைமை ஆசிரியருக்குத் தனியாக அனுப்பினால் வேலை நடந்துவிடும்.

யூடியூப் சேனல் தொடங்க அனுமதி வேண்டுமா? வருமானம் வந்தால்?
— அரசுப் பள்ளி ஆசிரியை, மதுரை மாவட்டம்

அரசுப் பள்ளி ஆசிரியருக்குத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 பொருந்தும். சம்பளத்துக்கு வெளியே தொழிலோ வருமானமோ என்றால் முன் அனுமதி தேவை. யூடியூப் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் (அல்லது 90 நாளில் ஷார்ட்ஸில் 1 கோடிப் பார்வை) வேண்டும். அது தானாக வராது, நீங்கள் விண்ணப்பித்தால்தான். ஆகவே பாட வீடியோவை வருமானமின்றி நடத்துவது எளிது. அப்போதும் தலைமை ஆசிரியர் வழியாக எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. பள்ளி நேரத்தில் எடுப்பதானால் கட்டாயம். அரசின் கொள்கையை விமர்சிக்கும் காணொளிகளை அந்த விதிகள் அனுமதிப்பதில்லை.

சக ஆசிரியர்களுக்கு மட்டும் காட்ட வேண்டிய வீடியோவை 'அன்லிஸ்டட்' என்று போடுங்கள். இணைப்பு உள்ளவர் மட்டும் பார்ப்பார். இணைப்பை ஒருவர் வெளியில் பகிர்ந்தால் யாரும் பார்க்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். 'குழந்தைகளுக்கானது' என்று குறித்தால் கருத்துப் பகுதி அணைந்துவிடும். குழந்தைகளுக்கான வீடியோவை அப்படித்தான் குறிக்க வேண்டும். ஆசிரியர்களுக்காகக் கற்பித்தலை விளக்கும் வீடியோவை அப்படிக் குறித்துவிட்டு ஏன் ஒருவரும் பதில் எழுதவில்லை என்று காத்திருக்க வேண்டாம். விளக்கப் பகுதியில் 0:00இல் தொடங்கி, குறைந்தது மூன்று நேரக் குறிப்புகளை, ஒவ்வொன்றும் பத்து நொடிக்குக் குறையாமல் எழுதினால் வீடியோ பகுதிகளாகப் பிரியும். வேலை நெருக்கடியில் இருக்கும் ஆசிரியர் தனக்கு வேண்டிய இடத்துக்கு நேராகப் போவார். 15 நிமிடத்துக்கு மேல் ஏற்றப் போன் எண்ணைச் சரிபார்த்திருக்க வேண்டும்.

தனியார் வெளியீட்டு நோட்ஸை ஸ்கேன் செய்து குழுவில் போடுகிறார்கள். கற்பிக்கத்தானே, தவறா?
— பட்டதாரி ஆசிரியர், கரூர் மாவட்டம்

தவறுதான். பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரும் மாணவரும் நகலெடுப்பதை அனுமதிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை விரிவாகவே பொருள் கொண்டது. உங்கள் வகுப்புக்கு இரண்டு பக்கம் எடுப்பது அதற்குள் வரும். விற்பனையில் உள்ள முழுப் புத்தகத்தையும் ஆயிரம் பேருக்கு அனுப்புவதை வகுப்பில் கற்பிப்பதாக யாரும் சொல்ல முடியாது. நீங்களே தயாரித்த பயிற்சித்தாளில் 'பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம், மாற்றலாம்' என்று அடியில் எழுதிவிடுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமங்களில் ஒன்று சொல்வதும் இதைத்தான். பிடிஎஃப்போடு வேர்டு கோப்பையும் போட்டால் அடுத்தவர் தன் வகுப்புக்கு ஏற்பத் திருத்திக்கொள்வார்.

தமிழ்நாட்டு ஆசிரியர் குழுக்களில் வரும் விஞ்ஞானப் பயிற்சித்தாள்களை யாழ்ப்பாணத்தில் பயன்படுத்தலாமா?
— விஞ்ஞான ஆசிரியர், யாழ்ப்பாணம்

செய்முறைகளை எடுக்கலாம், வினாத்தாள்களை அப்படியே எடுக்க வேண்டாம். கலைச்சொல் பிள்ளைகளைக் குழப்பும். தமிழ்நாட்டில் முடுக்கம், இலங்கையில் ஆர்முடுகல். தமிழ்நாட்டில் ஆக்சிஜன், இலங்கையில் ஒட்சிசன். இவை பார்த்தவுடன் தெரிந்துவிடும். தெரியாமல் ஏமாற்றுவது 'வேகம்': தமிழ்நாட்டுப் புத்தகத்தில் அது திசை இல்லாத கணியம், திசையோடு சொன்னால் திசைவேகம். இலங்கைப் பாடத்தில் திசை இல்லாதது கதி, வேகம் என்றாலே திசை உண்டு. விடைக்குறிப்பு தலைகீழாகிவிடும். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியில் உள்ள தேர்ச்சி மட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொற்களை மாற்றிய பிறகு கொடுங்கள்.

பாடக் குழுவில் சேர்ந்தபின் தெரியாத ஆசிரியர் ஒருவர் இரவில் தனியாகச் செய்தி அனுப்புகிறார். குழுவை விட்டு விலகினால் பாடத் தொடர்பும் போய்விடும்.
— ஆசிரியை, சேலம் மாவட்டம்

விலக வேண்டியவர் நீங்கள் அல்ல. முதலில் செய்திகளைத் தேதியும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு அவர் உரையாடலில் 'ரிப்போர்ட்' செய்துவிட்டுத் தடை செய்யுங்கள். ரிப்போர்ட் செய்தால் அவர் அனுப்பிய கடைசி ஐந்து செய்திகள் வாட்ஸ்அப்புக்குப் போகும். அட்மினிடம் படத்தோடு சொல்லி நீக்கச் சொல்லுங்கள். தொடர்ந்தால், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இன்கீழ் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்கலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 181 பெண்கள் உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். டெலிகிராமில் தனியுரிமை அமைப்பில் 'தொலைபேசி எண் – யாருக்கும் இல்லை' என்று வைத்துவிட்டால் பெயர் மட்டும் தெரியும். அறிமுகமில்லாதவர்கள் சேரும் பெரிய பாடக் குழுக்களை டெலிகிராமில் நடத்துவதற்கு இந்த ஒரு காரணமே போதும். யார் வேண்டுமானாலும் உங்களைப் புதிய குழுவில் சேர்க்க முடியாதபடி, இரண்டிலுமே 'என் தொடர்புகள் மட்டும்' என்று மாற்றுங்கள்.

இதையெல்லாம் பயிற்சியாகக் கணக்கில் எடுப்பார்களா?
— இடைநிலை ஆசிரியை, கிருஷ்ணகிரி மாவட்டம்

குழுவில் இருந்ததற்குச் சான்றிதழ் கிடையாது. அரசின் இணையக் கற்றல் தளமான திக்ஷாவில் நிஷ்தா போன்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்புகளை முடித்தால் சான்றிதழ் உண்டு. அதே படிப்பை முடித்த ஐந்து பேர் சேர்ந்து வாரம் ஒருமுறை குழுவில் பேசினால் அது வெறும் 'நெக்ஸ்ட்' அழுத்தும் வேலையாகப் போகாது.

ஆனால் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் உங்கள் வேலையைக் காட்டலாம். அதற்குப் பதிவு வேண்டும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே செய்தி அனுப்பிக்கொள்ளும் இடத்தைத் திறந்து, செய்து பார்த்த அன்றே நாலு வரி: நாளும் வகுப்பும், யாரிடமிருந்து எடுத்தேன், என்ன மாற்றிச் செய்தேன், எத்தனை பேருக்கு வந்தது, வராதவர்கள் என்ன எழுதினார்கள். கீழே இரண்டு நோட்டுப் பக்கங்கள், ஒன்று சரியானது, ஒன்று தவறானது. ஒவ்வொன்றிலும் #பின்னம், #கழித்தல் என்று ஒரு குறிச்சொல் போட்டால் பிறகு தேடலாம். கூட்டத்தில் ஐந்து நிமிடம் கேளுங்கள். தவறான பக்கத்தை முதலில் காட்டுங்கள். 'என் வகுப்பிலும் இதேதான்' என்று யாராவது சொல்வார். அவரை உங்கள் குழுவில் சேருங்கள்.